கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள்: வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ் வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் போக்குவரத்தும் தகவல் தொடர்பும் கற்பிக்கும் பயிற்றுநர்களுக்கும், அந்தப் பாடங்களை வகுப்பவர்களுக்கும் வணக்கம்.

1992இல் தொடங்கிய திட்டம் இது. 180க்கும் மேற்பட்ட நாடுகள், வட்டாரங்களிலிருந்து 150,000க்கும் அதிகமானோர் இதன்வழி படித்திருக்கிறார்கள். எந்த ஊருக்குத் தார்ச்சாலை, எந்தத் தீவுக்குக் கைப்பேசிக் கோபுரம், எந்தத் தடத்தில் பேருந்து என்றெல்லாம் ஊர் திரும்பியதும் கோப்பில் எழுதப்போகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு இங்கே எதைக் காட்டுகிறோம், எந்த வரிசையில் காட்டுகிறோம் என்பதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறிய தொண்டூழியர் குழுவில் இருக்கிறேன். இந்த இரண்டு இடங்களிலும் பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூருக்கு வருகிற யாரையும் முதலில் அசத்துவது ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ரயில். அப்புறம் சாங்கி விமான நிலையம். துவாஸ் துறைமுகத்தில் ஆளே இல்லாமல் கொள்கலன்களைச் சுமந்துபோகும் வண்டிகள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான், எனக்கும் அவற்றில் பெருமை உண்டு. ஆனால் வளரும் நாட்டிலிருந்து வருகிற ஓர் அதிகாரி இவற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அவர் மனத்தில் தங்குவது ஒரே ஓர் ஆசைதான். நம் தலைநகரிலும் ஒரு மெட்ரோ வேண்டும்! அதற்குக் கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. திறப்பு விழா நடக்கும், படமும் அழகாக வரும். அந்தத் தலைநகரிலிருந்து வெகுதூரம் தள்ளி, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று வரும் பேருந்தை நம்பியிருக்கிற ஊர் மட்டும் அப்படியே கிடக்கும்.

ஒரு நாடு இணைந்திருக்கிறதா என்பதை அதன் கடைசி வீட்டு வாசலில் நின்று பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்குச் செய்தி போய்ச் சேருகிறதா? செய்தியைக் கேட்ட பிறகு அங்கிருப்பவர் எழுந்து போக வழி இருக்கிறதா? இரண்டையும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கையின் சாரம். சாலைக்கு ஓர் அமைச்சு, வானொலிக்கு ஓர் அமைச்சு, கைப்பேசிக்கு ஓர் ஆணையம் என்று பிரித்து வைத்திருப்பது அலுவலக வசதிக்காக. அந்த வீட்டில் இருப்பவருக்கு எல்லாம் சேர்ந்துதான் ஒரு வசதி.

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியபோது இந்தியாவில் காலை ஆறரை மணி. அலை தமிழகக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு தொலைபேசி அழைப்புக்கு அரை நிமிடம் போதும். ஆனாலும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். இந்தியாவிடம் அன்றைக்குச் செயற்கைக்கோள் இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, வீதிக்கு வீதி தொலைபேசிக் கூண்டும் இருந்தது. அவற்றையெல்லாம் கரையோரக் குடிசையோடு முடிச்சுப் போடத்தான் ஏற்பாடு இல்லை.

நல்லவாட்டில் அந்த முடிச்சு இருந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்துவந்தது. பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. ஓர் அறை, ஒரு கணினி, வெளியே ஒலிபெருக்கி. வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொல்லிவந்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று வலையோடு நிற்கிறவருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி எது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் செய்தியைக் கேட்டுவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தார். வீட்டார் ஊராரிடம் ஓடினார்கள். மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகள் 150 வரை போயின, படகுகளும் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

இதை உங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் நிதானமாகப் பிரித்துக் காட்டலாம். சிங்கப்பூரின் செய்தி ஒலிபரப்பு, கடல் கடந்த தொலைபேசி இணைப்பு, கிராமத்து வீட்டில் ஒரு தொலைபேசி, ஊர்ப் பொதுவில் ஓர் ஒலிபெருக்கி, கரையிலிருந்து உள்ளே போக ஒரு பாதை. இதில் எந்தக் கண்ணி அறுந்திருந்தாலும் செய்தி பாதியில் நின்றிருக்கும். விலையில் பார்த்தால் மிகவும் மலிவானது அந்த ஒலிபெருக்கிதான். ஊரார் அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து ஓடியதற்குக் காரணம், அது அன்றாடம் அவர்கள் தொழிலுக்கு உதவிய குரல் என்பதுதான் என்று நினைக்கிறேன். ஆபத்துக் காலத்துக்கு மட்டும் ஒரு சைரன் வாங்கிக் கம்பத்தில் கட்டினால் இந்த நம்பிக்கை வந்துவிடாது. 2007இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்துவிட்டது. கடலடியில் கருவிகள் உண்டு, கணிப்பு நிமிடங்களில் வருகிறது. அந்தக் கணிப்பு கடைசி வீட்டுக் காதில் விழ என்ன ஏற்பாடு என்ற கேள்வி ஒவ்வொரு கடலோர நாட்டிலும் இன்னும் கேட்கப்பட வேண்டியதுதான்.

ஊரைக் காப்பாற்றிய அந்த அழைப்பு நம்மூரிலிருந்து போனது. வளரும் நாடுகளுக்குச் சிங்கப்பூர் நடத்தும் பாடத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

செய்தியும் வழியும் சேர்ந்து வேலை செய்வதற்குக் கேரளக் கரையில் இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. பொருளியல் ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 1996 தொடங்கிச் சில ஆண்டுகள் அங்கே மத்தி மீன் விலையைப் பதிவு செய்தார். 1997 ஜனவரியில் ஒரு நாள் காலை, வடகரைக் கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மீனோடு நின்றார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றச் சந்தைகளில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் கைவீசித் திரும்பப்போனார்கள். இவர்களுக்கு அவர்களைத் தெரியாது. அந்தக் கரையோரம் கைப்பேசிச் சேவை வந்ததும் மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, நல்ல விலை கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது கிட்டத்தட்ட நின்றே போனது. மீனவருக்கு லாபம் 8 விழுக்காடு கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது.

கைப்பேசியின் மகிமை என்று இதைப் பல கூட்டங்களில் சொல்கிறார்கள். சரி, மகிமைதான். ஆனால் அந்த மீனவரிடம் படகு இருந்தது, போவதற்குக் கடல் திறந்து கிடந்தது. விலையைக் கேட்டவுடன் திரும்பிப்போக அவருக்கு வழி இருந்தது. இதே கைப்பேசியைப் பாப்புவா நியூ கினியின் மலைநாட்டு விவசாயி கையில் கொடுத்துப் பாருங்கள். அங்கே 2007இல் தனியார் கைப்பேசி நிறுவனம் நுழைந்த பிறகு சேவை வேகமாகப் பரவியது. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் காய்கறி என்ன விலை என்று அவர் இன்றைக்குக் கேட்டுவிடலாம். ஆனால் மலைநாட்டையும் லே துறைமுகத்தையும் போர்ட் மோர்ஸ்பியோடு சேர்க்கச் சாலை கிடையாது. விமானத்தில் போக வேண்டும், இல்லையென்றால் கப்பலில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். விலை தெரிந்தும் அவருக்கு என்ன பயன்?

இதற்கு நேர்மாறும் நடக்கும். சாலையும் பாலமும் வந்துவிடும், எந்தச் சரக்கு எப்போது வரும் என்ற தகவல் வராது. இது நான் வேலை பார்த்த இடத்து விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1972 ஜூனில் தஞ்சோங் பகார் கொள்கலன் முனையத்துக்கு முதல் கப்பலாக நிஹோன் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான் என்றாலும், பாரந்தூக்கிகளைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஆனால் துறைமுகத்தில் உள்ளவர்களுக்கு ஒன்று தெரியும். பெட்டி எவ்வளவு வேகமாக இறங்கினாலும், பெட்டிக்குள் என்ன இருக்கிறது, யாருக்குப் போகிறது, வரி கட்டியாயிற்றா என்று சொல்லும் தாள் வரவில்லையென்றால் பெட்டி அங்கேயே நிற்கும். கப்பல் முகவரின் ஆள் கையில் கோப்போடு ஒரு முகப்பிலிருந்து இன்னொரு முகப்புக்கு ஓடுவார். ஒரு முத்திரை விட்டுப்போயிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. வெளியே லாரி ஓட்டுநர் இருக்கையிலேயே தூங்கிக்கொண்டிருப்பார். 1989இல் டிரேட்நெட் என்ற மின்னியல் முறை வந்தது. முன்பு நாள் கணக்கில் இழுத்த அனுமதி நிமிடக் கணக்கில் கிடைக்கத் தொடங்கியது. பாரந்தூக்கி அதேதான், சாலை அதேதான், லாரியும் அதேதான். பெட்டிக்கு முன்னால் பெட்டியைப் பற்றிய செய்தி வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆசியாவிலும் கடலே இல்லாத நாடுகள் பல. அந்த நாடுகளின் லாரிகள் எல்லைச் சாவடிகளில் நாள் கணக்கில் நிற்பதற்குப் பாதி காரணம் சாலையல்ல, தாள்தான். புதிய நெடுஞ்சாலைக்குக் கடன் கேட்பதற்கு முன் இதைச் சரி செய்யுங்கள் என்று அந்த அதிகாரிகளுக்குச் சொல்ல நம்மைவிடத் தகுதியானவர்கள் யார் இருக்கிறார்கள்?

வரிசையைப் பற்றி மேலே சொன்னேன். இன்றைய சிங்கப்பூரைக் காட்டுவதைவிட, நாமும் வளரும் நாடாக இருந்த அந்த நடு ஆண்டுகளைக் காட்டுவது அவர்களுக்கு அதிகம் உதவும். 1960களில் இங்கே பேருந்து ஓட்டியது ஒரு டஜன் நிறுவனங்கள். நகருக்குள் ஒருவர், புறநகரில் வேறொருவர், ஆளுக்கொரு தடம், ஆளுக்கொரு கட்டணம். பழைய வண்டிகள் நடுவழியில் நின்றுவிடும். அந்த இடைவெளியில் உரிமமில்லாத டாக்சிகள் கொழித்தன. அரசாங்கம் 1971இல் சீனப் பேருந்து நிறுவனங்களை மூன்றாகச் சேர்த்தது. 1973இல் அந்த மூன்றும் சேர்ந்து ஒரே நிறுவனமாயின. அடுத்த ஆண்டு, நிர்வாகத்தைச் சீர்செய்ய அரசாங்க அதிகாரிகளே உள்ளே போய் உட்கார்ந்தார்கள். 1975இல் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வந்தது. ரயில் வேண்டுமா, பேருந்தே போதுமா என்று 1980இல் பெரிய விவாதம் நடந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வல்லுநர் குழு பேருந்தே போதும் என்றது. தொடர்பு அமைச்சராக இருந்த ஓங் டெங் சியோங் ரயிலுக்காக வாதாடினார். எம்ஆர்டி ரயில் முதன்முதலாக இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை, ஐந்தே நிலையங்களோடு ஓடியது 1987 நவம்பர் 7இல். அதாவது பேருந்து நம்பிக்கையாக ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் ரயில் வந்தது. இந்த வரிசையைச் சொல்லாமல் ரயிலை மட்டும் காட்டுவது பாதிக் கதை.

அதே ஆண்டுகளில் செய்தியும் எப்படிப் பரவியது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். 1963 பிப்ரவரி 15இல் கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிவைத்தார். அப்போது எத்தனை வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்க முடிந்தது? அதனால் சமூக மன்றங்களில் பெட்டி வைத்தார்கள். எங்கள் பக்கத்துச் சமூக மன்றத்தில் பிள்ளைகள் முன்னால் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருப்போம். நடுவில் பெஞ்சுகளில் பெண்கள், கடைசியில் வேலை முடிந்து சட்டையைத் தோளில் போட்டபடி நிற்கும் ஆண்கள். தமிழ் நிகழ்ச்சி வரும்வரை மலாய் நிகழ்ச்சியையும் சீன நிகழ்ச்சியையும் பார்த்துக்கொண்டே இருப்போம். பக்கத்தில் இருக்கும் மலாய்க்கார மாமா எங்களுக்குக் கதை சொல்வார், நாங்கள் தமிழ்ப் பாட்டுக்கு அவருக்கு அர்த்தம் சொல்வோம். பேருந்து எங்களை ஒரே சாலையில் கொண்டுபோனது, அந்தப் பெட்டி எங்களை ஒரே தரையில் உட்கார வைத்தது. நான்கு மொழியிலும் ஒலிபரப்புவது செலவு பிடித்த வேலைதான். அந்தச் செலவைச் செய்ததால்தான் புது வீடு, புதுப் பேட்டை, தூய்மை இயக்கம் என்று ஒவ்வொரு மாற்றமும் எங்கள் வீட்டுப் பாட்டி வரை போய்ச் சேர்ந்தது. பல மொழி பேசும் நாட்டிலிருந்து வரும் அதிகாரி, தலைநகர் மொழியில் மட்டும் அறிவித்துவிட்டு மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று சலித்துக்கொண்டால், அவருக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

இன்னும் பின்னால் போனால், யாருக்கு இணைப்பு என்ற கேள்வி எழும். மதராஸையும் சிங்கப்பூரையும் பினாங்கு வழியாகக் கடலடித் தந்திக் கம்பி 1871இல் இணைத்தது. வணிகருக்கு அன்றிலிருந்து செய்தி உடனுக்குடன். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்த தொழிலாளிக்கோ கடிதம் மட்டும்தான், அதுவும் கப்பல் வரும்போது. ஊரில் தாய் இறந்த செய்தி இங்கே வந்து சேரும்போது கருமாதியே முடிந்திருக்கும். என் தாத்தா தலைமுறையில் இது எல்லா வீட்டிலும் நடந்தது. கம்பி ஒன்றுதான், கடல் ஒன்றுதான். கட்டணம்தான் யார் பேசலாம், யார் காத்திருக்கலாம் என்று முடிவு செய்தது. இன்றைக்கும் எந்த நாட்டிலும் டேட்டா விலையையும் பேருந்துக் கட்டணத்தையும் கேட்காமல் அந்த நாடு இணைந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தார்கள். புதிய சாலை போடவில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் படிக்கும் ஒருவரின் மனைவி அதற்குப் பிறகுதான் பட்டுக்கோட்டைக்குத் தையல் வகுப்புக்குப் போகத் தொடங்கினார். அதுவரை போகவர ஆகும் காசே அவரைத் தடுத்திருந்தது.

அந்த மாணவரைப் பற்றியே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டும் வேலை. ஊருக்குப் போகும் வழியை ஆங்கிலத்தில் விவரிக்கச் சொன்னபோது, நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் படமாகவே வரைந்துவிட்டார். சாங்கியிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். இதற்கு ஒரு நேர்கோடு. அங்கிருந்து தஞ்சாவூர், தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை. இதுவும் நேராகத்தான் போனது. அதற்கப்புறம் அவர் ஊர் வரைக்கும் உள்ள சில கிலோமீட்டருக்குத்தான் கோடு வளைந்து வளைந்து பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. இரவுப் பேருந்தைத் தவறவிட்டால் தம்பி மோட்டார் சைக்கிளில் வர வேண்டும், தம்பி இல்லாவிட்டால் ஆட்டோவுக்குப் பேரம், மழை பெய்தால் வாய்க்கால் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஆட்டோவும் வராது. அவர் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். இப்போது அங்கே தெரிந்த ஒருவரிடம் கைப்பேசியில் கேட்டுவிட்டு, டாக்டர் வந்திருந்தால் மட்டும் கிளம்புகிறார். வீண் பயணம் மிச்சம். கைப்பேசி இந்த அளவுக்கு உதவுகிறது. டாக்டர் வந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு ஏறிப்போகப் பேருந்து இருக்கிறதா என்றால், அது வேறு நேரத்துக்கு ஓடுகிறது. சுகாதார நிலையத்தின் நேரத்தைப் போட்டவரும் பேருந்தின் நேரத்தைப் போட்டவரும் ஒரு முறைகூட ஒன்றாக உட்கார்ந்து பேசியிருக்கமாட்டார்கள்.

அவர் பக்கத்தில் உட்காருகிறவர் வங்காளதேச இளைஞர், பத்மா ஆற்றுக்குத் தெற்கே உள்ள மாவட்டத்துக்காரர். 2022 ஜூன் 25இல் பத்மா பாலம் திறந்த காணொளியைக் கைப்பேசியில் இன்னும் வைத்திருக்கிறார். 6.15 கிலோமீட்டர் நீளப் பாலம். அதற்கு முன் டாக்கா போக வேண்டுமென்றால் படகுத்துறையில் வரிசையில் நிற்க வேண்டும். மூடுபனி இறங்கினால் படகு நிற்கும், பெருநாள் நெரிசலில் இரவு முழுவதும் காத்திருக்க வேண்டும், நோயாளியை ஏற்றிய வண்டியும் அதே வரிசையில்தான். இதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்துவிடும். பாலத்தின் நீளமும் செலவும் உங்கள் பாடப் பக்கங்களில் இருக்கும். படகுத்துறையில் காத்திருந்தவரின் கணக்கு இவரிடம்தான் இருக்கிறது.

என் வேண்டுகோள் இதிலிருந்துதான் வருகிறது. வளரும் நாடுகளின் கடைசி வீட்டைப் பற்றிக் கற்பிக்க வல்லுநர்களை எங்கேயும் போய்த் தேட வேண்டாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் லிட்டில் இந்தியாவில் இருக்கிறார்கள். ராமநாதபுரம், புதுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களும் வங்காளதேசத்துக் கிராமங்களும் அன்று மாலை அங்குள்ள தேக்காவில்தான் கூடுகின்றன. உங்களிடம் பயிலும் அதிகாரிகளை ஒரு மாலை அங்கே கூட்டிவாருங்கள். ஆளுக்கு ஒருவரோடு உட்கார வையுங்கள். விமான நிலையத்திலிருந்து உங்கள் வீட்டு வாசல் வரை எப்படிப் போவீர்கள் என்று கேட்கட்டும். புயல் வந்தால் யார் சொல்லி உங்களுக்குத் தெரியும், எந்த மொழியில் தெரியும், தெரிந்த பிறகு எங்கே போவீர்கள் என்று கேட்கட்டும். அப்புறம் தங்கள் சொந்த நாட்டில் ஒரு கடைசி வீட்டுக்கு அதே படத்தை அவர்களே வரையட்டும். வரைய முடியாமல் நிற்கிற இடத்தில்தான் அவர்கள் ஊர் திரும்பியதும் தொடங்க வேண்டிய வேலை இருக்கிறது.

இந்த அமர்வில் போக்குவரத்து அதிகாரியும் தகவல் தொடர்பு அதிகாரியும் ஒன்றாக இருக்க வேண்டும். தனித்தனி வாரங்களில் தனித்தனியாக வரவழைத்தால் பயனில்லை. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்தபோது தொங்கா நாட்டுக்கு என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கடலடிக் கம்பி அறுந்தது. ஓடுபாதையைச் சாம்பல் மூடியதால் விமானமும் இறங்க முடியவில்லை. கம்பியும் ஓடுபாதையும் ஒரே நாளில் போயின. மக்கள் கையால் சாம்பலைக் கூட்டி அள்ளினார்கள், முதன்மைத் தீவுக்குக் கம்பியைச் சரி செய்ய ஐந்து வாரம் ஆனது. ஆபத்து வரும்போது துறை பார்த்துப் பிரிந்து வருவதில்லை.

சங்கடமான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் அழைத்துவரும் அதிகாரி இந்த ஊழியரிடம் பேசினால், இங்கே வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்றும் கேட்பார். லாரியின் பின்பகுதியில் உட்கார்ந்து என்று அவர்களில் பலர் பதில் சொல்வார்கள். ஓட்டுநரில்லா ரயிலைக் காட்டிய ஊரில் அந்தப் பதில் நமக்கு வலிக்கும். வலிக்கட்டும், மறைக்க வேண்டாம். ஊழியர் தங்குவிடுதி வாசல்தான் நம்மூரின் கடைசி வீடு. அதைப் பற்றி நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அந்த ஊழியர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பும் நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன். வெளிநாட்டு அதிகாரிகளின் முன் நாம் அதை ஒளிக்காமல் பேசினால், மற்ற எதைச் சொன்னாலும் அவர்கள் நம்புவார்கள்.

இதைச் செய்வதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான். வாரத்தில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு நாள். அதில் ஒரு பகுதியை நமக்குத் தருகிறவர்களுக்குச் சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் கொஞ்சம் சன்மானமும் கொடுக்க வேண்டும். மற்றப் பயிற்றுநர்களுக்குக் கொடுக்கிறோமே, அதே மரியாதைதான். காட்சிப் பொருளாக நிற்க வைத்துப் படம் எடுக்கக் கூடாது. மேலாளரிடமோ முதலாளியிடமோ அவர்கள் பெயர் போகக் கூடாது.

அடுத்த பாடத் தொகுதிக்கு அட்டவணை போடும்போது ஒரு ஞாயிறு மாலையை இதற்காக விட்டுவையுங்கள். மூன்று மணிக்கு மேல் என்றால் நல்லது. காலையில் அவர்கள் துணி துவைத்து, சமைத்து, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுத்தான் வெளியே வருவார்கள். இரவு ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும், விடுதிக்குத் திரும்பப் பேருந்தில் கூட்டம் ஏறிவிடும். தமிழுக்கும் வங்காளத்துக்கும் மொழிபெயர்க்க எங்கள் குழுவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். இடமும் நாற்காலிகளும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். எத்தனை பேர் வருவீர்கள் என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் சொன்னால் போதும்.

அன்புடன்,
தேக்கா ஞாயிறு வகுப்புத் தொண்டூழியர் ஒருவர்